கல்லாகிப் போன விமானியும் சாத்தனூர் மரமும்

2012 ஜூன் மாதம் 'ப்ரோமிதியஸ்' வந்தது. அடுத்த மாதமே 'பில்லா 2'. முதலாவது, ரிட்லி ஸ்காட் 1979இல் எடுத்த 'ஏலியன்' கதைக்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்ல வந்த படம். இரண்டாவது, 2007இல் வந்த 'பில்லா'வில் கோட்டும் கூலிங் கிளாஸுமாக மலேசியாவில் நடந்துகொண்டிருந்த அஜித், அதற்கு முன்னால் யாராக இருந்தார் என்று சொல்ல வந்த படம். இரண்டுக்கும் ஆவலாகக் காத்திருந்தேன். இரண்டையும் பார்த்து முடித்ததும் மனதில் ஓடியது ஒன்றுதான்: இதையெல்லாம் யார் கேட்டார்கள்?

கேட்டது நாம்தான். வருஷக்கணக்காக டீக்கடையிலும் ஃபோரத்திலும் உட்கார்ந்து "அவன் எப்படி அப்படி ஆனான்?" என்று நச்சரித்தது நாம்தான். நாம் கேட்டதைக் கொடுத்தும் ஏன் பிடிக்காமல் போனது என்பதுதான் இந்தப் பதிவு. நான் பெரம்பலூர்க்காரன் என்பதால் கதை கொஞ்சம் மண்ணுக்குள்ளும் போய்வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஏலியன்' பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. நாஸ்ட்ரோமோ என்ற சரக்குக் கப்பல் ஏதோ சமிக்ஞை வருகிறது என்று பாதி வழியில் ஒரு பாழுங்கிரகத்தில் இறங்குகிறது. மூன்று பேர் வெளியே போகிறார்கள். அங்கே வளைந்த எலும்பு மாதிரி ஒரு பெரிய கப்பல் விழுந்து கிடக்கிறது. உள்ளே ஏறிப் பார்த்தால், பெரிய இருக்கை ஒன்றில் சாய்ந்தபடி ஒரு ராட்சச விமானி. செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. உடம்பு இருக்கையோடு இருக்கையாக ஒட்டிக் கல்லாகியிருக்கிறது. விலா எலும்புகள் வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன, உள்ளேயிருந்து எதுவோ உடைத்துக்கொண்டு வந்த மாதிரி. மூவரும் பார்க்கிறார்கள், திகைக்கிறார்கள், நகர்ந்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். அந்த விமானி யார், எங்கிருந்து வந்தான், எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று படம் கடைசிவரை வாயைத் திறக்கவே திறக்காது.

ஹெச்.ஆர். கைகர் வடிவமைத்த அந்த உருவம் ஏறத்தாழ 26 அடி உயரம். ஒரே ஒரு காட்சிக்கு இவ்வளவு செலவா என்று ஸ்டூடியோ தயங்கியிருக்கிறது. அது இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஸ்காட் தன் பிள்ளைகளுக்குச் சின்ன அளவில் விண்வெளி உடை தைத்துப் போட்டு, தூரத்துக் காட்சிகளில் பெரியவர்களுக்குப் பதிலாக நடக்கவிட்டார். பணம் கம்மி, யோசனை ஜாஸ்தி என்றிருந்த காலத்து வேலை அது.

அந்தக் காட்சி என்னைப் பிடித்து ஆட்டியதற்குத் தனிக் காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்லாகிப் போன உயிர் என்பது புத்தகத்துப் படம் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுற்றுலா என்றால் சாத்தனூர் கல்மரம். 18 மீட்டர் நீள அடிமரம் அப்படியே கல்லாக மாறிக் கம்பிவேலிக்குள் படுத்திருக்கும். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்று பலகை சொல்லும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்து சொன்னது. கொளக்காநத்தம் பக்கம் காரையில் மழை அறுத்துப்போட்ட செம்மண் ஓடைகளுக்குள் இறங்கி நடந்தால், நத்தைபோல் சுருண்ட அம்மோனைட், தோட்டா மாதிரி பெலம்னைட், அதிர்ஷ்டம் இருந்தால் சுறாப் பல். கடல் இப்போது நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அரியலூரில் லாரி லாரியாகப் போகும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுப்போன மிச்சம்தான். ஊர் ஊருக்கு வீடாக நிற்கும் சிமெண்டில் எத்தனை சிப்பி கரைந்திருக்கிறதோ!

அதனால் 'ஏலியன்' விமானியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயமே இல்லை. 'இதைத் தெரியுமே' என்ற உணர்வு. மிச்சம் மட்டும் இருக்கிறது, மற்றதெல்லாம் போய்விட்டது. அந்த மிச்சத்தைச் சுற்றி நம் மூளை தானாகவே ஒரு கடலையும் காட்டையும் கட்டிக்கொள்கிறது.

இப்போது 'ப்ரோமிதியஸ்' என்ன செய்தது என்று பாருங்கள். அந்த விமானியின் மண்டை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் ஹெல்மெட்டாம். யானைத் தும்பிக்கை மாதிரி இருந்தது கவசத்துக் குழாயாம். கழற்றினால் உள்ளே மொட்டைத்தலையோடு வெளுத்த, நல்ல உடற்கட்டோடு ஒரு மனுஷன். கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். டி.என்.ஏ.வைப் பார்த்தால் அதுவும் நம்முடையதே. மனித இனத்தையே படைத்தவர்கள் அவர்கள்தானாம். அடுத்து 2017இல் வந்த 'ஏலியன்: கவனன்ட்' இன்னும் ஒரு படி போய், அந்தப் பயங்கர ஜந்துவை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததே மனிதன் செய்த டேவிட் என்ற இயந்திர மனிதன்தான் என்றது. 1979இல் மனிதனுக்கும் அந்த இருட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவன் தெரியாத்தனமாகப் போய் மாட்டிக்கொண்டான் என்பதுதான் பயம். இப்போது படைத்தவனும் நம்மாள், கெடுத்ததும் நம் வீட்டுப் பொருள். பிரபஞ்சம் மொத்தமும் நம் சொந்தக்காரர்கள் என்றால் எதைப் பார்த்து பயப்படுவது?

இங்கே ஒரு மறுப்பு வரும். என் நண்பர் ஒருவர், பள்ளியில் அறிவியல் ஆசிரியர், இதைச் சொன்னபோது என்னை மடக்கினார்: "அப்போ விளக்கவே கூடாதுங்கிறீங்களா சார்? மர்மம் மர்மமாவே இருக்கணும்னா நான் எதுக்கு வகுப்புக்குப் போறது?" நியாயமான கேள்வி.

விளக்கம் எனக்கு விரோதி இல்லை. சாத்தனூரையே எடுத்துக்கொள்ளலாம். அந்த மரம் கிடக்கும் பாறை, கடலடியில் படிந்த பாறை. கடலுக்குள் மரத்துக்கு என்ன வேலை? பதில்: எங்கோ நிலத்தில் நின்ற மரம், வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடலில் மூழ்கி, சேற்றில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லானது. இந்தப் பதிலைக் கேட்டதும் மரம் சின்னதாகிவிட்டதா? மாறாக, அதுவரை ஒரு கட்டையாகத் தெரிந்ததற்குப் பின்னால் ஒரு காடு தெரிகிறது, ஒரு நதி தெரிகிறது, நதி கடலில் கலக்கும் கழிமுகம் தெரிகிறது. அந்தக் காட்டில் பூக்கும் மரங்கள் பரவாத காலம் வேறு. கேள்வி ஒரு முழம் என்றால் பதில் ஒரு காதம். 'ப்ரோமிதியஸ்' செய்தது நேர்மாறு. 26 அடிக் கேள்விக்கு எட்டடிப் பதில். எனக்குக் கசந்தது அந்த அளவுதான். விளக்கினார்கள் என்பதற்காக இல்லை.

'ஸ்டார் வார்ஸ்' கதையும் இதேதான், கொஞ்சம் பெரிய வீட்டில். 1977இல் வந்த முதல் படத்தில் டார்த் வேடர் திரையில் வருவது மொத்தமே பன்னிரண்டு நிமிடம் போலத்தான். உடம்பு டேவிட் ப்ரவுஸ், குரல் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் உலகத்துக்கே வில்லன் ஆகிவிட்டார். ஓபி-வான் கெனோபி என்ற பெரியவர் நாயகன் லூக்கிடம், குளோன் போரில் உன் அப்பாவும் நானும் சேர்ந்து சண்டை போட்டோம் என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்வார். குளோன் போர் என்றால் என்ன? யார் யாரோடு? சொல்லவே மாட்டார். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு மகாபாரதமே ஓடிக்கொண்டிருந்தது, பார்ப்பவன் தலைக்குள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாரதம் ஜார்ஜ் லூகாஸின் தலையிலும் அப்போது முழுசாக இல்லை. வேடர்தான் லூக்கின் அப்பா என்பதே 1977இல் முடிவாகவில்லை. அடுத்த படமான 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'குக்கு லே பிராக்கெட் 1978இல் எழுதிக்கொடுத்த முதல் வரைவில்கூட லூக்கின் அப்பா தனி ஆள், ஆவியாக வந்து போவார். அதற்குப் பிறகு லூகாஸ் எழுதியபோதுதான் இரண்டு பேரும் ஒருவரானார்கள். தனக்கே தெரியாத ஒரு கடந்த காலத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த படம் அது. அந்தத் தெரியாமை திரையில் ஆழமாகத் தெரிந்தது.

1999இல் முன்கதையாக 'ஃபேண்டம் மெனஸ்' வந்தது. முதல் படத்துக்குச் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் செலவு. இதற்குப் பதினொரு கோடிக்கு மேல். வேடர் என்ற அந்தக் கறுப்பு மலை, 'யிப்பீ' என்று குதிக்கும் குட்டிப் பையனாக வந்தது. 'ஃபோர்ஸ்' என்ற மாய சக்தி ரத்தத்தில் எண்ணிப் பார்க்கக்கூடிய மிடிகுளோரியன் ஆனது, சர்க்கரை அளவு பார்ப்பதுபோல. சீ-த்ரீபீஓ ரோபோவைச் செய்ததும் அந்தப் பையன்தான் என்றார்கள். அத்தனை பெரிய விண்மீன் மண்டலத்தில் யாரைப் பார்த்தாலும் யாருக்கோ வேண்டியவராக இருக்கிறார்கள். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில்கூட இவ்வளவு உறவுமுறை வராது.

இன்னொன்று, அந்தப் பழைய படத்தில் எல்லாம் அழுக்காக இருந்தது. மாடல் கிட்டுகளின் உதிரித் துண்டுகளை ஒட்டிச் செய்த கப்பல்கள், அடிபட்டு, கீறி, எண்ணெய் வழிந்து நின்றன. மில்லேனியம் ஃபால்கனைப் பார்த்தால் யாரோ பல வருஷம் ஓட்டித் தேய்ந்த வண்டி என்று நம்பிவிடுவோம். முன்கதைப் படங்களில் எல்லாம் பளபளவென்றிருக்கிறது. அது செழிப்பான பழைய காலம், அதனால் அப்படி என்று ஒரு சமாதானம் உண்டு. சரியான சமாதானம்தான். ஆனாலும் கதைப்படி முந்திய காலம், பார்வைக்குப் பிந்திய காலமாகத் தெரிவது உறுத்தத்தான் செய்கிறது.

சின்ன வயதில் பார்த்ததால்தான் பழைய படம் பிடிக்கிறது, எல்லாம் ஏக்கம்தான் என்று சிலர் ஒரே போடாகப் போடுவார்கள். பெரம்பலூரில் வளர்ந்தவனிடம் இந்த வாதம் செல்லாது. எங்களுக்கு எந்த ஆங்கிலப் படமும் வரிசையாக வந்ததில்லை. கேபிளில் எது ஓடுகிறதோ அது, பாதியிலிருந்து. பிறகு சி.டி., அப்புறம் யாரோ பென்டிரைவில் ஏற்றித் தந்தது. நான் 'ஃபேண்டம் மெனஸ்' பார்த்த பிறகுதான் 1977 படத்தைப் பார்த்தேன். ஏக்கம் என்றால் நான் முதலில் பார்த்த படத்தின் மேல்தானே வந்திருக்க வேண்டும்? இன்றைய கல்லூரிப் பையன்களில் முன்கதை மூன்றையும் தலையில் வைத்துக் கொண்டாடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்'தின் கடைசி அரை மணி நேரத்தை நானும் ரசிப்பேன்.

என் அக்கா மகன் போன விடுமுறையில் வந்திருந்தபோது இந்தப் பஞ்சாயத்து வீட்டுக்குள்ளேயே வந்தது.

"மாமா, ஒண்ணுலேர்ந்து பாக்கலாமா? நாலுலேர்ந்து பாக்கலாமா?"

"நாலுடா. அதான் முதல்ல எடுத்தது."

"கதைப்படி ஒண்ணுதானே முதல்ல?"

"கதைப்படி பாத்தா, அஞ்சாவது படத்துல வர்ற ஷாக்கு உனக்கு முன்கூட்டியே தெரிஞ்சுபோயிடும்."

"எனக்கு இப்பவே தெரியும் மாமா. வேடர்தான் அப்பா. டீ-ஷர்ட்லயே போட்டிருக்கான்."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? நாலிலிருந்துதான் போட்டேன். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அந்த இடம் வந்தபோது பையன் முறுக்கை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். தகவல் தெரிந்திருப்பது வேறு, அதை நோக்கிக் கதை நம்மை நடத்திக்கொண்டு போவது வேறு.

ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்' பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றம். 1982இல் வந்தபோது ஓடாத படம் அது. அண்டார்க்டிகாவில் அமெரிக்க முகாம்காரர்கள், எரிந்து கிடக்கும் நார்வே முகாமுக்குப் போகிறார்கள். நாற்காலியில் உறைந்துபோன பிணம், குடைந்து எடுக்கப்பட்ட பனிக்கட்டிப் பாளம், இரண்டு முகம் சேர்ந்து உருகின மாதிரி ஒரு உடல். இங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஒரு ஆளும் மிச்சமில்லை. இப்போது நம் முகாமுக்கும் இதே கதி என்று மட்டும் புரியும். 2011இல் அந்த நார்வே முகாமின் கதையையே தனிப் படமாக எடுத்தார்கள், அதே பெயரில். எடுத்தவர்கள் பழைய படத்தை அணு அணுவாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கோடரி ஏன் அந்த இடத்தில் குத்தி நிற்கிறது என்பதற்குக்கூடக் காரணம் உண்டு. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பரீட்சைத்தாளில் கோடிட்ட இடங்களை நிரப்புவதற்கும் கதை சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதே. போதாக்குறைக்கு, ரப்பரிலும் பசையிலும் கையால் செய்து படம்பிடித்த உருவங்கள் பலவற்றைக் கடைசியில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸால் மூடிவிட்டார்கள்.

தமிழர்களுக்கு முன்கதை புதிது ஒன்றும் இல்லை. 'பாட்ஷா'வில் வரும் பிளாஷ்பேக் என்ன? படத்துக்குள்ளேயே இருக்கும் முன்கதை. ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்தை அடித்தாலும் வாங்கிக்கொள்ளும் ஆளாகக் காட்டி, பம்பாயில் இவன் என்னவாக இருந்தான் என்று நம்மைத் தவிக்கவிட்டு, பிறகுதான் கதவைத் திறப்பார்கள். திறந்து முடித்ததும் மறுபடி மாணிக்கத்திடமே வந்து நிற்போம், ஆனால் இப்போது அவனைப் பார்க்கும் கண் வேறு. வில்லன் ஆண்டனியின் கணக்கும் இன்னும் பாக்கி. தனியாக எடுக்கும் முன்கதைப் படத்துக்கு இந்தத் திரும்பும் வழி கிடையாது. அது முடிகிற இடத்தில் பழைய படம் ஆரம்பிக்கும், அதைத்தான் நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே. 'பில்லா 2' தவித்தது இங்கேதான். இலங்கையிலிருந்து அகதியாக வரும் டேவிட் என்பது தனியாக ஒரு நல்ல படத்துக்கான கரு. ஆனால் எங்கே போய் முடியும் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும்.

அப்படியானால் முன்கதையே தேறாதா? நம்மிடமே பெரிய விலக்கு இருக்கிறது. கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. 'சிவகாமியின் சபதம்' அதற்குப் பிறகு, 1944இல் தொடங்கியது. கதைக்காலம் அதற்கும் முந்தியது. வயதான நரசிம்மவர்மரை முதலில் காட்டிவிட்டு, இளவரசன் மாமல்லனைப் பிறகு காட்டினார். முன்கதைதான், ஆனால் என்னைக் கேட்டால் முதல் நாவலைவிட ஒரு படி மேல். எப்படி? பழைய கதையின் விக்கிரமனுக்கும் குந்தவிக்கும் அடிக்குறிப்பு எழுத அவர் உட்காரவில்லை. சிவகாமி என்று ஒரு பெண்ணை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். மாமல்லன் ஜெயிப்பான் என்று தெரியும்; அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று தெரியாது.

2022இல் வந்த 'ப்ரே' பிழைத்ததும் இப்படித்தான். 1987 'பிரிடேட்டர்' கதைக்கு வெகு முன்னால், 1719இல், கமான்சி இனத்துப் பெண் நாரு. அந்த ஜந்து எந்தக் கிரகம், ஏன் வேட்டைக்கு வருகிறது என்று படம் கவலையேபடவில்லை. நாருவுக்கு என்ன ஆகும் என்பதுதான் நம் கவலை. 2011 'ரைஸ் ஆஃப் த பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படமும் பழைய படத்தில் சுதந்திர தேவி சிலை மணலில் புதைந்த கதையைத் தொடாமல், சீசர் என்ற குரங்கைப் பெற்றுப்போட்டது.

எங்கள் பக்கத்து ராட்சசன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரியலூர் மாவட்டம் கல்லமேடு பக்கம் கிடைத்த பிரம்மாண்டமான டைனோசர் எலும்புகளை, புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் கடைசியில் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டு அறிவித்தார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர். முதலில் அதை மாமிசம் தின்னும் வகை என்றார்கள், பிறகு மற்றவர்கள் பார்த்து நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்றார்கள். அந்த எலும்புகள் இப்போது இல்லை. மண்ணோடு மண்ணாக உதிர்ந்தே போய்விட்டன. கொஞ்சம் படங்களும் புகைப்படங்களும்தான் மிச்சம். அவற்றை வைத்துக்கொண்டு 2022இல் மறுபடி கட்டுரை வந்தது. நூறு டன்னைத் தாண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதெல்லாம் கட்டி எழுப்பிய கோட்டை என்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களும் வெற்றிடத்தைத்தான் நிரப்புகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் கணக்கை இன்னொருவர் உடைக்கலாம் என்று தெரிந்தே போடுகிறார்கள். சினிமாவில் அந்த வசதி இல்லை. ஸ்டூடியோ முத்திரையோடு ஒருமுறை 'இதுதான் நடந்தது' என்று சொல்லிவிட்டால், நான் இருபது வருஷமாக வைத்திருந்த என் விமானி தள்ளுபடி.

ஆசை மட்டும் யாரையும் விடுவதில்லை. 2020இல் எங்கள் மாவட்டத்துக் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் எல்லாம் அல்லோலகல்லோலப்பட்டது. வல்லுநர்கள் பார்த்து அம்மோனைட் சார்ந்த படிவு என்றார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், 1860களிலேயே, பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் எங்கள் ஊர் அம்மோனைட்டுகளை வைத்துத் தொகுதி தொகுதியாக எழுதியிருக்கிறார்கள். அம்மோனைட் என்றால் ஏமாற்றமாம், முட்டை என்றால்தான் செய்தியாம்! கோபமாகத்தான் வருகிறது.

தமிழில் அறிவியல் புனைவுப் படங்களுக்கு முன்கதை எடுக்கும் வழக்கம் இன்னும் தொற்றவில்லை. 1963இல் 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் வந்து பாட்டுச் சொல்லித்தரச் சொல்லி பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எம்.ஜி.ஆர். போய் மீட்டார். அந்தக் கிரகத்தில் பாட்டு வாத்தியார் ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் தனிப் படம் எடுக்கவில்லை. 'இன்று நேற்று நாளை'யின் கால எந்திரத்தைச் செய்த விஞ்ஞானியின் கல்லூரிக் காலம் என்று யாராவது ஆரம்பித்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

'ப்ரோமிதியஸ்' பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் 1979 படத்தை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு வருஷமாவது இடைவெளி விடுங்கள். பிறகு இதைச் சம்பந்தமே இல்லாத வேறு கிரகத்துக் கதை என்று நினைத்துக்கொண்டு, டேவிட்டாக வரும் மைக்கேல் ஃபாஸ்பெண்டருக்காகப் பாருங்கள். அந்த மனிதர் கூடைப்பந்தைச் சைக்கிளில் போய்க்கொண்டே வளையத்துக்குள் போடும் ஒரு காட்சிக்கே காசு தகும்.